இருபதாவது ஓட்டமும் ஒரு ஃபிளாஸ்க் கோப்பியும்

யப்பானில் பத்தொன்பது தடவை ஓடி ஒரு தடவைகூட வெல்லாத ஒரு குதிரை இருந்தது. அதை ஓக்லாந்தில் வெல்ல வைத்தவன் நான். ஜாக்கி வெல்ல வைத்தான் என்று சிலர் சொல்வார்கள். ஜாக்கி அதன் முதுகில் இருந்தது ஒன்றரை நிமிஷம். நான் அதன் பக்கத்தில் இருந்தது ஏழு மாதம்.

இன்றைக்குக் குதிரை ஏற்றும் லொறிகள் நாலு என் பெயரில் ஓடுகின்றன. பள்ளிக்கூடத்தில் நான் ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை, பள்ளிக்கூடம்தான் என்னைத் தாண்டிப் போனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த இங்கிலிசை ஒரு நெருப்புப்பெட்டிக்குள் போட்டு மூடலாம். அதை வைத்துக்கொண்டே ஓக்லாந்துக்குத் தெற்கே தக்கானினிப் பக்கம் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் வேலை கேட்டுப் போய் நின்றேன்.

லாயத்தை நடத்தியவர் ஐம்பது வயதுப் பெண்மணி. குதிரைகளைப் பந்தயத்துக்குப் பழக்குவது அவர் தொழில். அவருடைய கையைக் குலுக்கினால் நம்முடைய கை திரும்பி வருமா என்று யோசிக்க வேண்டும்.

"குதிரையோடு பழக்கம் இருக்கா, மேட்?"

"பதினைந்து வருஷம்" என்றேன். இந்த நாட்டில் யாரையும் மேட், அதாவது கூட்டாளி, என்றுதான் கூப்பிடுவார்கள்.

அது முழுப் பொய் இல்லை. நான் மன்னார்த் தீவில் பிறந்தவன். அங்கே மற்ற ஊர்களில் நாய் திரிகிற மாதிரித் தெருவில் கழுதை திரியும். ஒரு கழுதையின் காதைப் பார்த்தே அது உதைக்கப் போகிறதா, சும்மா நிற்கப் போகிறதா என்று சொல்லிவிடுவேன். குதிரை என்பது என்ன, கால் கொஞ்சம் நீண்டு காது கொஞ்சம் குறைந்த கழுதை. அந்த அம்மா என்னைச் சோதிக்க வேண்டுமென்றே லாயத்தில் ஆகப் பொல்லாத பெட்டைக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார். பத்து நிமிஷத்தில் அதன் நாலு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுத்தம் செய்து காட்டினேன். அடுத்த நாளே வேலை.

மூன்று வருஷம் கழித்துத்தான் யப்பான் குதிரை வந்தது. கரும்பழுப்பு நிறம், நெற்றியில் சோற்றுப் பருக்கை அளவு வெள்ளை. அதன் சொந்தக்காரர் ஓக்லாந்திலிருந்து யப்பானுக்கு மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு யப்பான்காரர். வெல்லாத குதிரைக்குக் குறிப்பிட்ட வயதுக்கு மேல் அங்கே ஓட்டங்கள் கிடைப்பது கஷ்டமாம். விற்க மனமில்லாமல் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். மீனை அங்கே அனுப்பிக் குதிரையை இங்கே எடுத்த ஒரே வியாபாரி உலகத்தில் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவரிடம் ஒரு அல்பம் இருந்தது. பத்தொன்பது ஓட்டத்துக்கும் பத்தொன்பது படங்கள். கல்யாண அல்பம் காட்டுகிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டுவார்.

"இது முதல் ஓட்டம். மழை. பதினோராவது."

"இது?"

"வெயில். பன்னிரண்டாவது."

"இதிலே குதிரையைக் காணோமே?"

"இருக்கு. வால் மட்டும்." விரலால் தொட்டுக் காட்டினார். படத்தின் ஓரத்தில் உண்மையாகவே ஒரு வால் இருந்தது. ஒரு தடவை மட்டும் இரண்டாவதாக வந்திருக்கிறது. அந்தப் படத்துக்குப் பொன்நிறச் சட்டம் போட்டிருந்தார்.

அவருக்கும் எனக்கும் சேர்த்து நூறு இங்கிலிஷ் சொல் இருந்திருக்குமோ தெரியாது. "குதிரை இன்று சந்தோஷம்?" என்பார். "மிகச் சந்தோஷம். சாப்பாடு, சாப்பாடு, நித்திரை" என்பேன். முதலாளியம்மா நடுவில் நின்று, "நீங்கள் இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது, ஆனால் நீங்கள் ஒருவரையொருவர் ஒரு நாளும் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை" என்பார். குதிரைக்கு யப்பான்காரர் தன் மொழியில் கதை சொல்வார், நான் தமிழில் பேசுவேன். இரண்டே மாதத்தில் "நில்லடா ராசா" என்றால் நின்றது, "காலைத் தூக்கு" என்றால் தூக்கியது. இங்கே வளர்ந்த என் மகள்கூட இவ்வளவு தமிழுக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதில்லை.

யப்பான்காரர் ஒரு நாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். வீட்டில் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாளாம். இன்னும் ஒரு ஓட்டம், இருபதாவது. அதிலும் தோற்றால் பிள்ளைகள் குதிரையேறிப் பழகும் பள்ளிக்குக் கொடுத்துவிட வேண்டும். வென்றால் வைத்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டு அல்பத்தின் கடைசி வெறும் பக்கத்தைத் தடவினார்.

அன்றிலிருந்து நான் அந்தக் குதிரையை அரிசியில் கல் பொறுக்குகிறவன் மாதிரிப் பார்த்தேன். காலையில் முற்றத்தில் சுற்றி நடத்தும்போது ஒன்று கண்ணில் பட்டது. இடப்பக்கம் வளைத்தால் கழுத்தை இழுத்துக்கொண்டு அரை மனதோடு வந்தது. வலப்பக்கம் வளைத்தால் மாப்பிள்ளை மாதிரி நடந்தது. யப்பான்காரரைப் பிடித்து, அவர் குதிரை ஓடிய திடல்களெல்லாம் எந்தப் பக்கம் வளையும் என்று கையால் வட்டம் போட்டுக் கேட்டேன். அவர் பத்தொன்பது தடவையும் இடப்பக்கமே வட்டம் போட்டார்.

ஓக்லாந்தில் பந்தயம் நடக்கும் எல்லர்ஸ்லித் திடல் வலப்பக்கம் வளைவது.

முதலாளியம்மாவிடம் ஓடினேன். அவர் குதிரையை வலப்பக்கம் ஓடவிட்டு, நேரம் பார்க்கும் கடிகாரத்தை இரண்டு தரம் குலுக்கிப் பார்த்தார். பழுதாகிவிட்டது என்று நினைத்தாராம்.

"இதை உனக்கு யார் சொல்லித் தந்தது?"

"கழுதை" என்றேன்.

ஈஸ்டர்ச் சனிக்கிழமை எல்லர்ஸ்லியில் ஓட்டம் என்று முடிவானது. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர், பெரிய சனி. மனைவி காலையிலேயே தொடங்கிவிட்டாள்.

"ஆண்டவர் கல்லறையில கிடக்கிறார், நீங்கள் குதிரை ஓட்டத்துக்குப் போறியளோ?"

"நான் ஓடேல்லை, குதிரைதான் ஓடுது. என்ரை வேலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறது."

"நல்லாப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ" என்று வழக்கம்போல ஃபிளாஸ்கைக் கையில் திணித்தாள். மல்லி, வேர்க்கொம்பு என்கிற சுக்கு, மிளகு எல்லாம் வறுத்து இடித்துப் போட்ட கோப்பி. தடிமனோ, தலையிடியோ, பசியின்மையோ, எங்கள் வீட்டில் முதல் மருந்து அதுதான்.

லாயத்துக்குப் போனால் குதிரை தீனியைத் தொடவில்லை. தலையைத் தொங்கப் போட்டு, மூக்கைச் சுவரோடு வைத்துக்கொண்டு நின்றது. முதலாளியம்மா லொறியை ஆயத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். சாப்பிடாத குதிரை ஓடாது. நான் என்ன செய்வேன்? என் பிள்ளைக்குச் செய்ததைச் செய்தேன். ஃபிளாஸ்கில் பாதியைத் தவிட்டில் ஊற்றிக் குழைத்து, "குடியடா ராசா" என்றேன். குதிரை முகர்ந்தது, தும்மியது, பிறகு வாளியின் அடி தெரியும்வரை நக்கியது. அதற்குப் பிறகு தீனி முழுவதையும் தின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. லாயத்துச் சுவரில் ஒரு நீளமான பட்டியல் ஒட்டியிருந்தது. மூன்று வருஷமாக அதைப் பார்த்திருக்கிறேன், வாசித்ததில்லை.

ஓட்டம் தொடங்கியபோது யப்பான்காரர் திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். பார்க்கத் தைரியம் இல்லையாம். குதிரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கே?"

"எட்டாவது."

"இப்போ?"

"எட்டாவது. வளைவு வருது. வலப்பக்கம்!"

அந்த வளைவில் என் ராசா வேலியோடு ஒட்டிக்கொண்டு வழுக்கி வந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் அகலமாகப் போக, இது உள்ளே புகுந்து ஆறு, நாலு, மூன்று என்று வந்தது. நான் எண்ணுவதை விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கினேன். தமிழில்தான் கத்தினேன், அதற்கு விளங்கும். யப்பான்காரர் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, குதிரை முடிவுக் கோட்டைத் தாண்டுமுன்பே அவர் அழுதுவிட்டார். கழுத்தளவு வித்தியாசத்தில் வெற்றி. குதிரைக்கு முன்னால் போய் இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார். தொப்பி விழுந்தது, குதிரை அதையும் தின்னப் பார்த்தது.

வென்ற குதிரையைச் சிறுநீர்ச் சோதனைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு அறையில் விட்டு, ஒரு மனிதன் நீளக் கம்பியில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, அது பெய்யும்வரை சீட்டியடிப்பான். குதிரை பெய்யவில்லை. நானும் சீட்டியடித்தேன். யப்பான்காரரும் வந்து சேர்ந்தார். மூன்று வளர்ந்த ஆம்பிளைகள் ஒரு குதிரையின் வயிற்றுக்குக் கீழே பார்த்துக்கொண்டு சீட்டியடிக்க, கடைசியில் அருவி மாதிரி வந்தது. மூன்று பேரும் கை தட்டினோம்.

அந்த மனிதன் போத்தலை மூடிக்கொண்டே பேச்சுக்குச் சொன்னான். "போன மாதம் ஒரு குதிரையின் வெற்றியைப் பறித்துவிட்டார்கள். யாரோ சொக்லேட் கொடுத்திருக்கிறான். சொக்லேட், தேத்தண்ணி, கோப்பி, ஒன்றும் ஆகாது."

கோப்பி என்ற சொல் எனக்கு நன்றாகவே விளங்கியது. லாயத்துச் சுவரில் ஒட்டியிருந்தது, குதிரைக்குக் கொடுக்கக் கூடாதவற்றின் பட்டியல் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

திரும்பும் வழியில் லொறியில் வைத்து முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறைக்கத் தெரியாதவன் நான். அவர் லொறியை ஓரமாக நிறுத்தினார்.

"கோப்பியா?"

"கோப்பி. மல்லி. மிளகு."

"எத்தனை கரண்டி கோப்பித்தூள்?"

"மனைவிக்குத்தான் தெரியும்."

"மேட், என் லைசென்ஸ், உன் வேலை, அந்த மனிதனின் ஒரே வெற்றி, மூன்றும் உன் ஃபிளாஸ்க்குக்குள்ளே கிடக்கிறது. உன் வீடு எங்கே?"

இப்படித்தான் பந்தயக் குதிரையோடு ஒரு லொறி பாபகுராவில் என் வாடகை வீட்டு வாசலில் வந்து நின்றது. பின்னாலே யப்பான்காரரின் கார். நாங்கள் விருந்துக்குப் போகிறோம் என்று நினைத்து வழியில் பியர் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். குதிரையை இறக்கி முன்முற்றத்துப் புல்லில் கட்டினோம். மனைவி கதவைத் திறந்தாள்.

"பெரிய சனியும் அதுவுமா வாசலில குதிரையோ!"

"அதை விடும். கோப்பியிலை எத்தினை கரண்டி போட்டனீர்?"

"எந்தக் கோப்பி?"

"காலமை தந்த கோப்பி!"

"அதிலை கோப்பித்தூள் இல்லை. விபூதிப் புதனிலயிருந்து போடேல்லை. நீங்கள் ஒரு தவமும் இருக்கமாட்டியள் எண்டு தெரியும், அதுதான் சொல்லாமல் நான் நிப்பாட்டினனான்."

தவக்காலம் முழுக்க, நாற்பது நாள்! நான் விடுவேனா?

"பொய் சொல்லாதையும். ஒவ்வொரு நாளும் குடிச்சனான். நல்ல கடும் கோப்பி!"

"அது கருக வறுத்த மல்லியப்பா!"

"எனக்குக் கோப்பி தெரியாதோ?"

முதலாளியம்மா என் மகளைப் பார்த்தார். அவள் இங்கிலிசில் ஒரே வரியில் முடித்தாள். அம்மா கோப்பி போடவில்லையாம், அப்பா போட்டது என்கிறாராம், அப்பாவுக்கு நாக்கு சரியில்லையாம்.

யப்பான்காரருக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. பியர்ப் பெட்டியைக் கீழே வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் நெஞ்சைத் தொட்டு, "நான். கோப்பி. ஒரு வாய். இரண்டு நாள் நித்திரை இல்லை. இங்கே டும், டும், டும்" என்றார். கையை நீட்டினார். ஃபிளாஸ்கில் மீதிப் பாதி இருந்தது.

"வேண்டாம்" என்றார் முதலாளியம்மா.

அவர் கேட்கவில்லை. மனைவி அதைச் சூடாக்கிக் கொடுக்க, கண்ணை மூடிக்கொண்டு மூன்று டம்ளர் குடித்தார். மிளகு காதுவழி வந்தது, முகம் சிவந்தது. எங்கள் சோபாவில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். மனைவி மீன்குழம்பும் சோறும் போட்டாள். அவர் கையை நீட்டிப் பார்த்தார், நடுங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு வாங்கினார். அரை மணி. முக்கால் மணி. வெளியே குதிரை கனைத்தது. "இப்ப அவருக்கு ஏதும் ஆச்செண்டால்..." என்று நான் தொடங்க, "வாயை மூடுங்கோ" என்றாள் மனைவி.

இரண்டு கிழமை கழித்துச் சோதனை முடிவு கடிதமாக வந்தது. ஒன்றும் இல்லை, வெற்றி வெற்றிதான் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் குதிரை இன்னும் இரண்டு தரம் வென்றது, இரண்டும் வலப்பக்கம் வளையும் திடலில். ஆனால் எங்களுக்கு முடிவு அன்று பின்னேரமே தெரிந்துவிட்டது. யப்பான்காரரின் தலை மெல்லச் சரிந்தது. வாய் திறந்தது. பிறகு ஒரு குறட்டை வந்தது பாருங்கள், அப்படியொரு குறட்டை!

முதலாளியம்மா குனிந்து, குதிரைக்குப் பார்க்கிற மாதிரியே அவருடைய தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினார். நிமிர்ந்து, மூச்சு விடுகிற சத்தத்தில், "ஆழ்ந்த நித்திரை" என்றார்.

கத்த வேண்டும்போல இருந்தது. மனைவி விரலை உதட்டில் வைத்து, அவருக்குப் போர்வை எடுத்துவரப் போனாள். நான் முற்றத்துக்கு ஓடிப்போய்க் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வெண்டிட்டாயடா ராசா, வெண்டிட்டாய்!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன். அது தலையை நிமிர்த்தவேயில்லை, என் புல்லைத் தின்றுகொண்டே இருந்தது.