குனிய முடியாத குதிரை

கழக்கூட்டத்துக்கு அப்பால் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் வேலை பார்த்தபோது அந்தக் கால்நடை டாக்டரம்மாவைச் சந்தித்தேன். வலியசாலை அக்ரகாரத்துக்காரர், ஒல்லியான உடம்பு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். ஊசி போட்டதும் கிளம்பிவிட மாட்டார். குதிரை மூச்சு விடுவதைக் கவனித்தபடி லாயத்திலேயே நிற்பார்.

ஒருமுறை டெட்டனஸ் தடுப்பூசி போட்ட மறுநாள், எங்கள் கிழட்டுப் பெண்குதிரைக்குக் கழுத்து வீங்கிவிட்டது. அது தண்ணீரைக்கூடத் தொடவில்லை. செத்துவிடுமோ என்று பயந்து அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் வீக்கத்தைத் தடவிப் பார்த்தார். வலிக்கு மருந்து கொடுத்தார். பிறகு தரையிலிருந்த வாளியைத் தூக்கி அதன் வாயருகே பிடித்தார். குதிரை மடமடவென்று குடித்தது.

"தாகம் இருக்கு, கேட்டேளா. கழுத்து வலியிலே குனிய முடியலை, அவ்வளவுதான். வீக்கம் வத்திடும்."

"இனி இதுக்கு ஊசியே வேண்டாம் டாக்டரம்மா."

"அப்படிச் சொல்லப்படாது. டெட்டனஸ் வந்தா பிழைக்கிறது கஷ்டம். அடுத்த தடவை கழுத்தை விட்டுட்டு மார்ல போடறேன். மறுநாளும் வந்து பார்க்கறேன்."

அடுத்த வருடம் அப்படியே போட்டார். மறுநாள் மழையில் பஸ் பிடித்து வந்தார். குதிரை மைதானத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது. வேலியோரம் நனைந்தபடி நின்று வெகுநேரம் பார்த்தார். ஒரு மிருகம் புல் மேய்வதை அத்தனை ஆசையோடு பார்த்த வேறொருவரை நான் கண்டதில்லை.