கவர் மாறிப்போன கசற்

வீடியோக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: சனம் சிரிக்கிற படத்தை வாயால் கேட்டு வாங்கும், அழுகிற படத்தைத் தானே தேடி எடுத்துக்கொண்டு வந்து கவிழ்த்து வைக்கும். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில், பார்க்டேலில், அப்படியொரு கடையில் நின்றேன். உங்களுக்கும் கால் உளைந்திருக்கும், எனக்கும் உளைந்தது.

பெட்டி வருகிற படங்கள்

கடையில் ஒரு பக்கம் தமிழ்ப் படம், மற்றப் பக்கம் இங்கிலிஸ் படம். பள்ளிக்கூடத்தில் நான் கனகாலம் இருந்தவனில்லை. இங்கிலிஸ் காது வழியாக வந்தது, எழுத்து வழியாக வரவேயில்லை. அதனால் கவரில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் அடுக்குவேன். தலைமயிர் வளர்த்த பெடியள், பூப்போட்ட சட்டை, கையில் கிற்றார், பின்னால் யன்னலில் ஒரு தாய் என்றால் ஒரே தட்டு. எல்லாம் அமெரிக்காவின் அறுபதுகளின் கதை. மகன் சண்டை வேண்டாம் என்று ஊர்வலம் போவான், தகப்பன் கத்துவார், மற்ற மகன் சண்டைக்குப் போவான், பிறகு வாசலில் பட்டாளக் கார் வந்து நிற்கும்.

என்னோடு வேலை செய்த பரமேஸ் எந்தப் படமென்றாலும் ஓடவிட்டுப் பார்க்கிற பிள்ளை. அந்தத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எங்கடை படத்திலை காணாமல்போன மகன் கடைசியிலை வந்திடுவான் அண்ணை. உதுகளிலை சவப்பெட்டிதான் வரும்."

தலை இழுத்துக்கொண்டு போனவன்

பக்கத்து மாடிக் கட்டடத்தில் இருந்த ஒரு அம்மா இங்கிலிஸ் பழகவென்று கிழமைக்கு ஒரு படம் எடுப்பா. ஒருமுறை பரமேஸ் இந்தத் தட்டிலிருந்து ஒன்றைக் கொடுத்துவிட்டாள். மகன் முடி வெட்டமாட்டேன் என்று நிற்க, தகப்பன் வீட்டைவிட்டுக் கலைக்கிற கதை.

அடுத்தநாள் அந்த அம்மா கசற்றை வைத்துவிட்டுப் போகாமல் நின்றா. படம் விளங்கினதோ என்று கேட்டேன். "விளங்காமல் என்ன? தலைமயிருக்கோ பிள்ளையைக் கலைக்கிறது? என்ரை மகன் தலையைச் சீப்பாலை வடிவா இழுத்து, சேட்டும் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டுதான் இயக்கத்துக்குப் போனவன். நான் ரியூசனுக்கு எண்டு நினைச்சு, வாசல்மட்டும் போய் வழியனுப்பினனான்."

பாதியில் நிற்கிற படம்

அந்தத் தட்டின் நிரந்தர வாடிக்கைக்காரர் டேவிட். அமெரிக்கர், தச்சு வேலை, நரைத்த தலைமயிரைப் பின்னால் கட்டியிருப்பார். இளவயதில், பட்டாளத்துக்குக் கூப்பிட்டபோது எல்லை தாண்டி ஓடி வந்தவர். தம்பிக்காரன் ஓடாமல் சண்டைக்குப் போய்ச் செத்துப்போனான். இனிமேல் வாசலில் நிற்கக் காணக்கூடாது என்று தகப்பன் சொல்லிவிட்டாராம். அமெரிக்க அரசாங்கம் பிறகு ஓடினவர்களை மன்னித்தது. தகப்பன் மன்னிக்கவில்லை. அவருடைய ஊர் காரில் ஒரு பகல் ஓட்டம்தான். இவர் போகவில்லை.

கந்தையா என்ற என் பெயர் அவர் வாயில் கென் ஆகிவிட்டது. கசற்றுகளைத் திருப்பிச் சுற்றுகிறவன் நான் என்பதால் எனக்குத் தெரியும், அவர் கொண்டுவருவதெல்லாம் பாதியில் நிற்கும். அந்தக் கிழமை, தகப்பன் ஆஸ்பத்திரியில், நாள் எண்ணுகிறார், வா என்று தங்கச்சி போன் எடுத்திருந்தா. அப்படியும் அவர் இன்னொரு படம் எடுக்கத்தான் வந்தார். முடிவைப் பார்க்கிறதில்லையோ என்று கேட்டேன். "முடிவு எனக்குத் தெரியும், கென். தகப்பன் கதவைத் திறக்கிறதில்லை."

சாமிப் படத்துக்கு முன்னால்

ஊரிலிருந்து வருகிற கசற் கனடா மெசினில் ஓடாது. அதை மாற்றிக் கொடுக்கிற மெசின் எங்களிடம் இருந்தது. கலியாணவீட்டைவிடச் செத்தவீடுதான் கூட வரும். போக முடியாத பிள்ளைகளுக்கென்று படம்பிடித்து அனுப்புகிற செத்தவீடு. வெள்ளிக்கிழமையில், கடையில் மாட்டியிருந்த லட்சுமி படத்துக்கு முன்னால், மாற்றிமுடிந்த அப்படியொரு கசற் திறந்துகிடந்தால் பரமேஸுக்குப் பொறுக்காது. கைக்கு வந்த வெறும் கவருக்குள் போட்டு மறைத்துவிடுவாள். அன்று கைக்கு வந்தது டேவிட் கேட்டுவைத்த படத்தின் கவர். பின்னேரம் அவர் வர, தூக்கிக் கொடுத்தும்விட்டாள்.

அது நேசனுடைய தகப்பனின் செத்தவீடு. றெஸ்ரோறன்ற் குசினியில் வேலை செய்கிற பெடியன். அகதிக் கேஸ் முடியவில்லை, ஊருக்குப் போனால் திரும்பி வர ஏலாது. வேலை உடுப்போடு கசற் எடுக்க வந்தவனிடம், அது மாறிப்போனதைப் பரமேஸ் அழுதழுது சொன்னாள். அவன்தான் அவளைத் தேற்றினான்: "பறவாயில்லை அக்கா, நாளைக்குப் பாக்கிறன். அப்பா இனி எங்கை போகப்போறார்?"

மகன் எங்கே

அடுத்தநாள் நேசன் வந்து நிற்கும்போதே டேவிட்டும் கசற்றோடு வந்தார். முகம் வீங்கியிருந்தது. இந்தமுறை கசற் முடிவுமட்டும் ஓடியிருந்தது. "ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனால் எல்லாரும் கமராவைப் பாத்துத்தான் அழுகினம், கென். ஆரைக் கூப்பிடுகினம்? கொள்ளிவைச்ச பெடியன் மகன் மாதிரித் தெரியேல்லை. மகன் எங்கை?"

மருமகன் கொள்ளிவைத்தவர், மகன் இந்தா நிற்கிறான் என்று நேசனைக் காட்டினேன். டேவிட் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் தகப்பனின் கதையையும் அவனிடம் சொன்னார். நேசன் கேட்டுக்கொண்டு நின்றான். தனக்குத் தெரிந்த இங்கிலிஸில், கோபமில்லாமல்தான் கேட்டான்: "என்னை ரெண்டு நாடு மறிக்குது. உங்களை ஆர் மறிக்கினம்?"

படம் எடுக்காத ஆக்கள்

போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் டேவிட் அன்று இறங்கினார். ஆனால் கையில் எடுத்த அலுமாரி வேலை முடியட்டும், பனி கொஞ்சம் விடட்டும் என்று இழுத்தார். கடைக்கு வருகிறபோதெல்லாம் பரமேஸ் கேட்பாள், அடுத்த கிழமை என்பார். ஒருநாள் உண்மையாகவே போனார். போய்ச் சேர, அடக்கம் முடிந்து தங்கச்சி வீடு கூட்டிக்கொண்டிருந்தாவாம். கிழவர் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி அறைக் கதவைச் சாத்தவே விடவில்லையாம். தாதிமார் சாத்தச் சாத்த, திறந்துவிடச் சொன்னாராம்.

இதையெல்லாம் கவுண்டரில் கையூன்றி நின்று சொன்னார். நான் அந்தத் தட்டுப் பக்கம் திரும்ப, வேண்டாம் என்று கையைக் காட்டினார். "எங்கடை ஆக்கள் செத்தவீட்டைப் படம் எடுக்கிறேல்லை, கென். நேசனைக் கேட்டுச் சொல்லுறியா, அந்தக் கசற்றை எனக்கு இன்னொருக்காத் தருவானோ எண்டு?"

அடுத்த வீட்டு அழுகையை இவ்வளவு காலம் வாடகைக்கு விட்டிருக்கிறேன், அவரவர் வீட்டு அழுகைக்கு ஒருத்தரையாவது நேரத்துக்கு அனுப்பிவைத்த பெருமைதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கவில்லை.