ஒரு நாள் இரவல் டயர்

அது 2004 ஐப்பசி. கருவேப்பிலங்குறிச்சியில் இருந்தோம். நான் நிறைமாதம். என் கணவர் மினி வேன் வைத்து, விருத்தாசலத்திலிருந்து பீங்கான் பொம்மைகளை வேப்பூர் பக்கம் ஏற்றிச் செல்வார்.

அன்று வண்டிக்கு எப்.சி., ஆர்.டி.ஓ. ஆபீஸில் தகுதிச் சான்றுக்கான பரிசோதனை. எங்கள் டயர்கள் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தன. பக்கத்து வீட்டு நண்பரின் வேனும் அதே மாடல். முதல் நாளே அவருடைய புது டயர்களை எங்கள் வண்டியிலும், எங்களுடையதை அவர் வண்டியிலும் மாட்டிவிட்டார்கள். பரிசோதனை முடிந்ததும் திரும்ப மாற்றிக்கொள்வார்கள். வண்டிக்காரர்களுக்குள் இது சகஜம். நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

என் கணவர் வண்டியோடு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூடவே எனக்கு வலியும். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருப்பதாக நர்சம்மா சொல்லியிருந்தார். மாமியார் பதறிப்போய் அந்த நண்பரைத்தான் கூப்பிட்டார். அவர் தன் வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு வண்டி கிடைக்குமா என்று தெருவில் விசாரித்தார். எதுவும் கிடைக்காமல் வந்து கதவைத் திறந்தார்.

போனார் பாருங்கள், மாட்டுவண்டியே எங்களை முந்தியிருக்கும். எனக்கோ உயிர் போகிறது.

“அண்ணே, வெரசாப் போங்க. ஊர்வலமா போறீங்க?” என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ திட்டினேன்.

“பொறுத்துக்கம்மா, போயிடலாம்” என்றார். அந்தக் குளிரிலும் அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. ஒரு வளைவில் வேன் சறுக்கி, வயலை ஒட்டிப் போய் நின்றது. மாமியார் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நண்பர் வேனை மெல்லப் பின்னால் எடுத்து, மறுபடியும் அதே நடையில் ஓட்டினார்.

ஆஸ்பத்திரிக்குள் போன கையோடு மகள் பிறந்தாள்.

சாயங்காலம் என் கணவர் லட்டு டப்பாவோடு வந்தார். “எப்.சி. பாஸாயிடுச்சு, பொண்ணும் பொறந்துடுச்சு” என்று ஒரே சிரிப்பு. பிறகுதான், “யாரு வண்டியில வந்தீங்க?” என்று கேட்டார். மாமியார் சொன்னதும் டப்பாவை வைத்துவிட்டு வெளியே போனார்.

கூடவே போன மாமியார்தான் வந்து சொன்னார். என் கணவர் நண்பரின் வேன் பக்கத்தில் குந்தி, முன் டயரைத் தடவிக்கொண்டே இருந்தாராம். “ஒன்னுதுதான்டா. அதான் உருட்டிக்கிட்டே வந்தேன்” என்றாராம் நண்பர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாளே புது டயர்கள் நண்பரின் வேனுக்குத் திரும்பின. எப்.சி. பாஸான எங்கள் வண்டி, வேறு டயர் வாங்கும்வரை வாசலில் சும்மா நின்றது.

யாரோ ஓர் அதிகாரியின் கண்ணுக்கு மறைப்பதாக நினைத்து நாங்கள் கழற்றிக் கொடுத்த டயர், என் பிள்ளைக்குக் கீழேதான் அன்று ஓடியது.