போஞ்சிக் கொடிகள் மறைத்த காட்சி

மாசி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஆறு மணிக்குப் பதுளையில் ரயிலேறினேன். அங்கே சித்திரம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியன் நான். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் என்னை அழைத்திருந்தார். கொழும்பில் வாங்கிய பழைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றுக்கு நான் பொருள் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத் தம் பங்களாவில் பூந்தோட்டம் போடப்போகிறாராம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்புத்தளையில் இறங்கியபோது ஒரே மூடுபனி. பத்துச் சதத்துக்குத் தேநீர் குடித்துவிட்டு மூன்று மைல் ஏறி நடந்தேன்.

பத்து மணிக்கு ஓவியத்தின் முன் நின்றோம். பளிங்குத் தூண்கள், தடாகம், வெள்ளாடைப் பெண்கள், பழுத்துத் தொங்கும் மரங்கள். வேலை செய்கிறவர் ஒருவரும் இல்லை. துரையின் பின்னால் தோட்டக்காரர் கருப்பையா தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

நான் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினேன். துன்பமே இல்லாத பொற்காலம் இது. தடாகத்துக்கு அப்பால் விரியும் வெற்றுச் சரிவுதான் படத்தின் உயிர். கண் எதிலும் தடுக்காமல் தூரத்து மலைவரை போக வேண்டும் என்றேன்.

துரை சன்னலைத் திறந்தார். பனி விலகியிருந்தது. எதிர்ச் சரிவில் லயத்துத் தொழிலாளர் சனங்கள் கறிக்கு நட்ட போஞ்சி அவரை, கம்புகளில் ஏறிப் பூத்திருந்தது.

"அதை இன்றைக்கே வெட்டச் சொல்லுங்கள்" என்றார். அவருக்குத் தமிழ் அரைகுறை. நான் அதைத் தமிழில் கருப்பையாவிடம் சொன்னேன்.

"இப்பத்தாங்க பூ விட்டிருக்கு. பதினாறு குடும்பம் போட்டது. ஒரு மாசம் பொறுக்கச் சொல்லுங்க ஐயா."

சொன்னேன். இரண்டு வாரத்தில் சீமையிலிருந்து மனைவி வருகிறாள், முடியாது என்றார் துரை.

கருப்பையா ஓவியத்தை நெருங்கிப் பார்த்தார். "இது எந்த ஊருங்க?"

"அப்பிடி ஒரு ஊர் இல்லை. மனசிலை நினைச்சுக் கீறின படம்."

"இல்லாத ஊருக்காகவா வெட்டச் சொல்றாரு?"

என்ன சொல்கிறான் என்று துரை கேட்டார்.

"வெட்டிவிடுகிறானாம்" என்றேன்.

மதியம் பங்களாவில் கோழியிறைச்சியோடு சாப்பாடு. மூன்று மணிக்குச் சரிவு வழியாக இறங்கினேன். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்த பெண்கள், விரல் நீளம்கூட இல்லாத பிஞ்சுகளைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே கருப்பையா கத்தியோடு வந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒருத்தி கேட்டாள்: "படத்தப் பாத்துச் சொன்ன வாத்தியாரு நீங்கதானுங்களா?"

"ஓம்" என்றேன்.

அவள் ஒதுங்கி, எனக்குப் பாதை விட்டாள்.

வைகாசியில் துரையின் கடிதம் வந்தது. இப்போது மலைவரை தடையில்லாமல் தெரிகிறதாம். குடும்பத்தோடு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். நான் பதில் எழுதவில்லை. கருப்பையா என்ன சொல்கிறான் என்று துரை கேட்டபோது சொல்லியிருக்க வேண்டிய பதிலை, அன்றைக்கு ரயிலில் திரும்பும்போதே ஆங்கிலத்தில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். ஒரு பிழையுமில்லாமல் வந்தது.