இரவல் பூட்டன்

திவ்யா, கிஷோர்... வாரா வாரம் நான் பிள்ளைகளுக்கு எழுதும் இந்தப் பக்கத்தை, இந்த வாரம் என் பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும்தான் முதலில் வாசிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். இது அப்பா செய்த தப்பு.

போன வெள்ளிக்கிழமை, பசறையில் திவ்யாவின் பாடசாலையில் பேச்சுப் போட்டி. ஓர் அரச வம்சத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் பற்றிப் பேச வேண்டும். திவ்யாவுக்குக் கிடைத்தது இங்கிலாந்தின் பிளாண்டாஜெனெட் வம்சம். அந்தப் பெயரைச் சொல்லிப் பழகவே எனக்கு இரண்டு நாள் ஆனது. நான் படித்தது ஓ.எல். பரீட்சை வரைக்கும்தானே!

ஆனால் என்ன கதை! தொப்பியில் மஞ்சள் பூ செருகிக்கொண்டு திரிந்த ஒரு பிரபு. அவர் மகன் இங்கிலாந்துக்கே ராஜா. கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்சிலும் பாதி அவர்கள் கையில். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள். கடைசியில்? பங்காளிச் சண்டை. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். கடைசி ராஜா போர்க்களத்திலேயே செத்தார். கிரீடம் வேறு வீட்டுக்குப் போனது.

பேச்சை எழுதிக் கொடுத்த நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருந்ததா? முடிவில் ஒரு பத்தி சேர்த்தேன். ‘எங்கள் வம்சமும் அப்படித்தான். என் பூட்டன் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்த பெரிய கங்காணி. தலைப்பாகை, கோட்டு, கையில் பிரம்பு... அவர் வந்தால், தொழிலாளர் குடியிருக்கும் லயமே எழுந்து நிற்கும்.’

திவ்யாவுக்கு முதல் பரிசு. அடுத்த மாதம் பதுளையில், மாவட்டப் போட்டியில் இதே பேச்சைப் பேச வேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில், நம் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் வேலை செய்யும் ராமசாமி அண்ணன் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் மகளும் போட்டியில் பேசியிருந்தாள்.

“ஏன் தம்பி, எங்க பாட்டன எப்ப தூக்கிட்டுப் போனீங்க? சொல்லியிருந்தா பிரம்பையும் சேத்துக் குடுத்திருப்பேனே!”

பஸ்ஸே சிரித்தது. ஆமாம், அந்தப் பெரிய கங்காணி அவருடைய பாட்டன்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “நீங்களே வச்சுக்கங்க தம்பி. எங்க வீட்ல அந்தாளு பேச்சையே எடுக்கிறதில்ல. அந்தப் பிரம்பு ஒங்க தாத்தா முதுகுலயும் விழுந்திருக்கு. எங்கப்பா சாகுற வரைக்கும் அதச் சொல்லி வருத்தப்பட்டாரு.”

திவ்யா என் பக்கம் திரும்பினாள்.

“நம்ம பூட்டன் பேரு என்னாப்பா?”

“சின்னக்கருப்பன்.”

“என்னா வேல செஞ்சாரு?”

“தேயிலச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுனாரு.”

பிறகு கேட்டாள் — “அடிச்சவர நம்மாளுன்னு சொன்னீங்க. அடி வாங்குனவரு வேணாமாப்பா?”

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த ராஜாக்களின் வம்சத்தை விழ வைக்க ஒரு யுத்தம் தேவைப்பட்டது. என் வம்சத்துக்கு நான் எழுதிய ஒரு பத்தி போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை டீச்சரிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பத்தியை மாற்றிக்கொண்டு பதுளைக்குப் போகலாம் என்றார். திவ்யா புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் காட்டவில்லை. காட்டச் சொல்லிக் கேட்க எனக்கும் முகமில்லை.

அன்று பாடசாலையிலிருந்து திரும்பியபோது நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. தோட்டத்து மயானத்தில் ஏறினேன். எந்த மேடு என் தாத்தா சின்னக்கருப்பனுடையது என்று எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு மேட்டின் முன்னும் நின்று, “தாத்தா” என்று கூப்பிட்டேன்.