கோவில் எபிசோடு

ஒரு நகைச்சுவைத் தொடரை ஏறக்கட்டப் போகிறோம் என்று எந்தச் சேனலும் நடிகர்களிடம் நேராகச் சொல்வதில்லை. கதையில் வரும் குடும்பத்தை ஏதாவது ஒரு கோவிலுக்கு அனுப்பிவிடுவார்கள். அதுவரை அடித்துக்கொண்ட மாமியாரும் மருமகளும் ஒன்றாகக் கற்பூரம் ஏற்றினால் 'சுபம்' போட்டு முடித்துவிடலாம். செலவும் கம்மி. அதனால் உதவி இயக்குநர் வந்து, "அக்கா, அடுத்த வாரம் ஒரு கோவில் எபிசோடு" என்று பல்லைக் காட்டினாலே நான் மேக்கப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிடுவேன்.

முதல் தொடரில் எங்களைப் பழனிக்கு அனுப்பினார்கள். கிரிக்கெட் வருகிறதாம், எங்கள் நேரம் அதற்கு வேண்டுமாம். இரண்டாவது தொடரை ராத்திரி எட்டு மணியிலிருந்து மத்தியானத்துக்குத் தள்ளினார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைக்குத் தள்ளினார்கள். அந்த நேரத்தில் யாரும் எங்களைப் பார்க்கவில்லை என்று கண்டுபிடித்து, ராமேஸ்வரத்தில் முக்கி எடுத்தார்கள்.

எல்லாத் தொடரிலும் எனக்குக் கணவராக நடித்தவர் ஒருவரே. சும்மா சொல்லக் கூடாது, பெரிய நடிகர். தொலைந்த செருப்பைத் தேடுகிற காட்சி ஒன்றில், வசனமே இல்லாமல் யூனிட் மொத்தத்தையும் சிரிக்க வைத்தார். கேமராமேன் சிரித்த சிரிப்பில் படம் ஆடிப்போய் மறுபடி எடுத்தோம். நானும் மட்டமில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. விருது விழாக்களில் எங்களுக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி. அப்படிக் கைதட்டியவர்கள்தான் எங்களை மூட்டை கட்டி அனுப்பியவர்களும்.

ராத்திரி எட்டு மணிக்கு ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது தொடரும் நின்றால் காமெடிக்கே முழுக்குப் போட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். போட்டிச் சேனலில் அதே எட்டு மணிக்கு ஒரு அழுகைத் தொடர் ஓடுகிறது. அதில் கதாநாயகிக்குப் பெரியம்மாவாக வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வந்த நாள் முதல் அழ வேண்டும், வேறு வேலை இல்லை. வருஷக்கணக்கில் ஓடும். மனசு வராமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கோவில் எபிசோடு வந்தது. இந்த முறை திருவண்ணாமலை, கிரிவலம். என் சொந்த ஊர்.

அம்மா இருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய வீட்டில். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் போனிலேயே துள்ளினாள். "நம்ம ஊரையே தேடிக்கினு வராங்கன்னா சும்மாவா? இனிமே உன்னுது நிக்காதுடி!"

தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். யூனிட்டுக்கே எலுமிச்சை சாதமும் வடையும் தானே போடுவதாகத் தயாரிப்பு மேனேஜரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஷூட்டிங்குக்கு முந்தின நாள் உண்மையைச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தபோது, "உளுந்து ஊறப்போட்டாச்சு, வை போனை" என்றாள்.

பௌர்ணமி கூட்டத்தில் எடுக்க முடியாது என்று பட்டப்பகலில் எடுத்தார்கள். தார் ரோட்டில் வெறுங்கால். என் நாடகக் கணவர் நிழலுக்கு நிழல் தாவி ஓடினார். ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார்கள். ஸ்கிரிப்டில் அப்படி எதுவும் இல்லை, அவருக்கு நிஜமாகவே கால் சுட்டது.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு விடாம பாக்கறேம்மா. காலையில வேன்ல போறப்ப போன்லதான். சிரிச்சு சிரிச்சு டிரைவரே திட்டறாரு!" சுற்றி நின்றவர்களும் நானும் போன்லதான், நானும் போன்லதான் என்றார்கள். நானும் என் நாடகக் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எட்டு மணிக்கு டிவியில் பார்ப்பதைத்தான் சேனல் கணக்கில் எடுக்கும். மறுநாள் போனில் சிரிக்கிற சிரிப்பெல்லாம் எங்களைக் காப்பாற்றாது. இதை யாருக்கு எப்படிப் புரியவைப்பது? வடையைத் தின்றோம்.

சாயங்காலம் யூனிட் கிளம்பிவிட்டது. அவர் மட்டும் அம்மாவின் காபிக்காகத் தங்கினார். எட்டு மணி ஆனதும் அம்மா ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டாள். போட்டிச் சேனல். யாரோ ஒரு மருமகள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என்னம்மா இது? இப்ப என்னுதுதானே ஓடுது அங்க?"

"உன்னுதுதான் காலையில போன்ல வந்துடுதே. இது ஒரு நாள் விட்டா ஒண்ணும் புரியாது" என்றாள் அம்மா, கண்ணை எடுக்காமல். "உன்னுது எங்க போயிடப் போவுது?"

பெற்ற தாயே இப்படி! யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கச் சில வீடுகளில் மட்டும் வைக்கிற பெட்டி எங்கள் வீட்டில் இல்லை, அவள் பார்த்தாலும் ஒன்றுதான், பார்க்காவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பெட்டி இருக்கிற வீட்டிலும் இப்படி ஓர் அம்மா இருப்பாளே! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அவர் காபி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகத் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமையோட முடியுதும்மா" என்றேன். "அதுக்குத்தான் இங்க வந்தோம்."

அம்மா சத்தத்தைக் குறைத்தாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சமையல்கட்டில் கவிழ்த்து வைத்திருந்த அண்டாவைப் பார்த்தாள். "நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள். "எல்லாரும் சிரிச்சாங்களேடி."

"இதுல கூப்பிட்டிருக்காங்க" என்று டிவியைக் காட்டினேன். "பெரியம்மா வேஷம். ஒத்துக்கப் போறேன்."

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைக் கவலையோடு பார்த்தாள்.

"உனக்கு அழத் தெரியுமாடி?"

அவள் சோபாவில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். "உக்காரு. இந்தப் பொண்ணு எப்படி அழுவுதுன்னு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் சத்தத்தைக் கூட்டினாள்.