ஐந்து இலைச் சோறு

எனக்கும் என் முதல் மனைவிக்கும் ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே ஒரு புளியமரத்தடியில் விவாகம் தீர்ந்தது. எங்களவர் வழக்கப்படி ஊர்ப் பெரியவர்கள் கூடுவார்கள். புருஷன் ஒரு துரும்பை முறித்துப் போட்டால் உறவு அறுந்தது. பிறகு எல்லோருக்கும் சோறு. நான் எடுத்த துரும்பு பச்சை. முதலில் முறியாமல் வளைந்தது.

"தாலி கட்டும்போதும் முடிச்சு விழலியே, இன்னைக்கு மட்டும் கை வந்துருமா?" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பேனாவைத் தவிர எதுவும் கைக்கு அடங்காது.

வீடு எனக்கு என்றும் கருப்பட்டி வியாபாரம் அவளுக்கு என்றும் பிரித்தார்கள். வியாபாரத்துக்காக நாங்கள் இருவரும் கையெழுத்திட்டு வாங்கியிருந்த கடனும் அவளைச் சேர்ந்தது என்று தீர்ப்பாயிற்று.

"நானே அடைக்கேன். இவர நம்பியா வாங்குனேன்?" என்றாள். கெட்டிக்காரி. உவரிப் பக்கத்துப் பனங்காடுகளில் கருப்பட்டி வாங்கித் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணியேற்றுகிறவள்.

கடன் கொடுத்த அண்ணாச்சியையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்றார் ஒருவர். "அவரு வந்தா நாலு ஆளோட வருவாரு. இலை யாரு போடுகது?" என்றேன் நான். அன்று ஐந்து இலைச் சோறு மிச்சம்.

மறுகல்யாணம் செய்துகொண்டேன், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அதுவரை என் கும்பிடுக்குத் தலைகூட அசைக்காத அண்ணாச்சி, திடீரென்று என் வீட்டு வாசலில் நின்று நலம் விசாரிக்கத் தொடங்கினார்.

"ஓடு புதுசால்லா இருக்கு?"

"ஆமா அண்ணாச்சி, போன மாசம் மாத்துனது."

"கெணத்துல தண்ணி கெடக்காவே?"

மூன்றாம் முறை யாரோ ஒருவரைக் கூட்டிவந்தார். வந்தவர் தூண்களை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். நான் அவருக்கு உத்தரத்தைக் காட்டினேன், நிலைக்கதவைத் திறந்து மூடிக் காட்டினேன். நல்ல தேக்கு என்று பெருமையடித்துக்கொண்டேன். வெட்டப்போகிறவனிடம் கிடா தன் கொழுப்பைக் காட்டிய மாதிரி.

அடுத்த வாரம் உச்சிப்பொழுதில் முதல் மனைவி வந்தாள். படியேறாமல் தெருவிலேயே நின்றாள்.

"கருப்பட்டி ஏத்துன தோணி ரெண்டும் கடல்ல போச்சு. திருநவேலி கோர்ட்டுல திவால் எழுதிக் குடுத்துட்டேன். இனி எம்மேல யாரும் பிராது போட முடியாதாம்."

"அப்ப கடன் தொலைஞ்சுதா?"

"எனக்குத் தொலைஞ்சுது. கடன் நோட்டுல நீரு என்ன எழுதுனீரு?"

எழுதியது நானல்லவா, மனப்பாடமாக வந்தது: 'நாங்கள் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் செலுத்தக் கடவோம்.' அந்தத் 'தனித்தனியாகவும்' அண்ணாச்சி கேட்டு எழுதியதுகூட இல்லை. வாக்கியம் மொட்டையாக நிற்கிறதே என்று நானாகச் சேர்த்தது.

"அதச் சொல்லத்தான் வந்தேன்" என்று போய்விட்டாள்.

அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன். துரும்பு முறித்ததையும் தீர்ப்பையும் ஊர் சாட்சியையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"என்னயக் கூப்பிட்டீராவே?"

"இல்ல, அண்ணாச்சி."

"நீங்க ரெண்டு பேரும் துரும்ப முறிச்சீங்க. நோட்டு எங்கிட்டல்லா இருக்கு? அந்த அம்மாட்ட கேக்கக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிட்டு. உம்மட்ட கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே." பிறகு உள்ளே திரும்பி, "ஏளா, ஒரு இலை போடு. இவரு சாப்பிட்டுட்டுப் போட்டும்" என்றார்.

கை கழுவி இலைமுன் உட்கார்ந்தேன்.

பிராது, டிகிரி என்கிற கோர்ட்டுத் தீர்ப்பு எல்லாம் ஆகி ஒருநாள் காலையில் கோர்ட்டு அமீனா தமுக்குக்காரனோடு வந்தார். வீட்டை ஏலத்துக்குச் சாற்ற வேண்டும். கையிலிருந்த காகிதத்தில் எல்லை தெளிவாக இல்லையாம். "நீருதான பத்திரம் எழுதுகவரு? நாலெல்லையையும் சொல்லும்வே."

சொன்னேன். கிழக்கே வாய்க்கால், தெற்கே தெரு. ஒரு பிசகும் இல்லாமல், தொழில் சுத்தமாகச் சொன்னேன்.

"யாரு வந்திருக்கா?" என்று உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தமுக்கு ஒலிக்கத் தொடங்கிவிட்டது.